தாழம்பூ சொன்ன சாட்சி

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், வாடகைக் கார் ஓட்டுநர்களும் பூட்டு சாவித் தொழிலாளர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். அலைகளைப் பற்றிப் பேச வந்தவன் மைக்கை ஊளையிட விட்டால் நன்றாயிருக்காது.

கார் சாவி ரிமோட்டுக்கு அரசாங்கச் சான்றிதழ் எதற்கு, அது என்ன சொல்கிறது என்று பேசச் சொன்னார்கள். ‘இதுக்கெல்லாம் ஒரு மணி நேரமா தம்பி?’ என்று அழைக்க வந்தவரிடமே கேட்டேன். ‘நீங்க ஆரம்பிங்க சார், நடுவுல டீ வரும்’ என்றார். அந்த டீயை நம்பி ஆரம்பிக்கிறேன்.

சான்றிதழ் என்றால் சாட்சி. சாட்சியைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிவனின் அடி தேடிப் பெருமாள் பன்றியாகப் போனார். முடி தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார். பெருமாள் ‘காணவில்லை’ என்று ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, ‘நான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்’ என்றார். பூவும் சொன்னது. அன்றிலிருந்து சிவபூஜையில் தாழம்பூ சேர்ப்பதில்லை. உத்தரகோசமங்கையில் மட்டும் சாத்துகிறார்கள். அது வேறு கதை. இதில் எனக்கு எப்போதும் உறுத்துவது ஒன்று உண்டு. தாழம்பூ சிவன் தலையிலிருந்துதானே விழுந்தது? முடியைப் பற்றி அதற்கு நன்றாகவே தெரியும். தான் கண்டதை மட்டும் சொல்லியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. காணாததையும் சேர்த்துச் சொன்னதால்தான் கெட்டது.

ரிமோட் சாவியின் சான்றிதழ் தாழம்பூ மாதிரி கிடையாது. அது கண்டதை மட்டும்தான் சொல்கிறது. அது சொல்லாததையெல்லாம் சொன்னதாக எடுத்துக்கொள்வது நாம்தான்.

ஒரு பௌர்ணமி ராத்திரி. என் மைத்துனர் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தார். காரை ஊருக்கு வெளியே திடலில் விட்டுவிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலமும் சுற்றி முடித்தார்கள். விடியற்காலை மூன்று மணி இருக்கும். பொத்தானை அமுக்குகிறார், கார் வாயைத் திறக்கவில்லை. குழந்தை தூக்கத்தில் தோளில் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வண்டிக்காரரும் தன் சாவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தீபாராதனை காட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கிறாராம். என்னைத்தான் போனில் எழுப்பினார். ‘மாமா, இதுக்கெல்லாம் டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் குடுத்த ஆளு நீங்கதானே? வந்து திறங்க.’

தூக்கக் கலக்கத்திலேயே சொன்னேன். ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், உருவு. டிரைவர் பக்கத்துக் கைப்பிடியில் துவாரம் இருக்கும். சில வண்டியில் சின்ன மூடி போட்டு மறைத்திருப்பான். திறந்து உள்ளே உட்கார். எஞ்சின் பொத்தானை ரிமோட்டாலேயே தொட்டு அமுக்கு. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தாலும் பெரும்பாலான வண்டியில் ஸ்டார்ட் ஆகும். உள்ளே இருக்கிற சிப்புக்கு வண்டியே பக்கத்திலிருந்து சக்தி கொடுத்து எழுப்பிவிடும். ஸ்டார்ட் ஆனது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஓட்டுநர்கள் இங்கே வந்தது வீண் போகவில்லை என்று நினைக்கிறேன்.

காலையில் மைத்துனர் விடவில்லை. ‘சான்றிதழ் வாங்கின சாமான் ஏன் வேலை செய்யலை?’ நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஒரு மந்தைவெளிக்குப் போகவேண்டும்.

நம் நாட்டில் ரிமோட் சாவிகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணில் பேசுகின்றன. பொத்தானை அமுக்கினால் விநாடியில் ஒரு சிறு பங்கு நேரம் ஒரு துடிப்பு வெளியே போகும். அதற்குள் உங்கள் வண்டிக்கு மட்டும் புரிகிற ஒரு நீண்ட எண் இருக்கும். சக்தி? 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2012ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டபோது வைத்த உச்சவரம்பு 10 மில்லிவாட். பழைய 2ஜி கைப்பேசி உச்சத்தில் 2 வாட் வரை போகும். அதாவது இதைப்போல இருநூறு மடங்கு. பொட்டு அளவு பேட்டரியில் ஓடுகிற சாவி அந்தப் பத்தைக்கூடப் பெரும்பாலும் தொடுவதில்லை.

உரிமம் இல்லாமல் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அலைக்கற்றையில் ஒவ்வொரு துண்டுக்கும் பட்டா உண்டு. விமானத்துக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, கோடிக்கணக்கில் ஏலம் எடுத்த கைப்பேசி நிறுவனங்களுக்குச் சில. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995ல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொன்னது. பட்டா நிலங்களுக்கு நடுவே ஊர் மாடெல்லாம் மேய்கிற பொது வெளியாகச் சில துண்டுகளை விட்டுவைத்திருக்கிறார்கள். 433 அப்படிப்பட்ட மந்தைவெளி. கார் சாவி, கேட் ரிமோட், சக்கரக் காற்றழுத்தம் சொல்லும் சென்சார், வாசல் மணி எல்லாம் அங்கேதான் மேய்கின்றன.

மந்தைவெளிக்கு வருகிறவர் இரண்டு விரதம் ஏற்றாகவேண்டும். நான் யாருக்கும் இடைஞ்சல் செய்யமாட்டேன். எனக்கு யாராவது இடைஞ்சல் செய்தால் பொறுத்துக்கொள்வேன், பாதுகாப்புக் கேட்டு வரமாட்டேன். இந்திய விதியிலும் இதுதான் சாரம், அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதியிலும் இதுதான் சாரம். காரோடு வந்த கையேட்டை யாரும் படிப்பதில்லை. கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஜப்பான், பிரேசில், சிங்கப்பூர் என்று பொடி எழுத்தில் வரிசையாக அறிவிப்புகள் இருக்கும். இந்த இரண்டு விரதத்தையும் அங்கே பார்க்கலாம். பிறருக்குத் துன்பம் செய்யாமை, தனக்கு வருவதைப் பொறுத்தல். நாற்பது ஆண்டு தவம் செய்தாலும் எனக்கு வராத குணம் இது. பொத்தான் பேட்டரியில் ஓடுகிற ஒரு பிளாஸ்டிக் துண்டிடம் கேட்கிறோம்.

என் மைத்துனருக்கு உரிய பதில் இரண்டாவது விரதத்தில் இருக்கிறது. திடலில் நூற்றுக்கணக்கான வண்டிகள். ஒரே நேரத்தில் பலர் பொத்தானை அமுக்குகிறார்கள். பக்கத்தில் மலிவான சீரியல் விளக்குகள். அவற்றின் மின்சுற்றுகளிலிருந்து வரும் இரைச்சல் வேறு. அத்தனைக்கும் நடுவே வண்டியின் ரிசீவர் ஒரு முணுமுணுப்பைக் கேட்டாகவேண்டும். கேட்கவில்லை என்றால் புகார் கொடுக்க இடமில்லை. ‘கேட்கும்’ என்று சான்றிதழ் வாக்குக் கொடுக்கவே இல்லை.

அப்படியானால் அது எதற்குத்தான் வாக்குக் கொடுத்தது? முதல் விரதத்துக்கு.

வயதில் மூத்தவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பாட்டுக் கேட்க லைசென்ஸா என்று இன்றைக்குச் சிரிக்கிறோம். 1933ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம் அப்படிப்பட்டது: கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். வீட்டு ரேடியோவுக்கு அந்தத் தொல்லை 1980களில்தான் ஒழிந்தது. 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துவருகிறது. கருவி கொடுத்து வாங்கும் விஷயத்தில் பழைய கவலை மட்டும் மாறவில்லை: இது எங்கே, எவ்வளவு சத்தமாகப் பேசும்?

மந்தைவெளிக் கருவிகளுக்குத் தனித்தனி உரிமம் கிடையாது. ஆனால் மாடலுக்கு ஒப்புதல் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் கீழே டபிள்யூ.பி.சி. என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1952ல் தொடங்கியது. அது கொடுப்பதுதான் இ.டி.ஏ., அதாவது கருவி வகை ஒப்புதல். சரள் சஞ்சார் என்ற இணையதளத்தில் விண்ணப்பம், கூடவே அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்தின் அறிக்கை. வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கானால் சுங்கத்தில் இந்தக் காகிதம் கேட்பார்கள். இ.டி.ஏ. எண் உங்கள் கையில் இருக்கிற அந்த ஒரு சாவிக்குக் கொடுத்தது கிடையாது. அந்த மாடல் முழுவதற்கும் பொது. சோதனைக்குப் போனது நிறுவனம் அனுப்பிய ஒன்றிரண்டு மாதிரிகள்தான்.

சோதனையை நான் பல வருஷம் பார்த்தவன். நம் பக்கத்தில் தரமணியில் சமீர் என்கிற மத்திய அரசு ஆய்வு நிறுவனம், ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் என்று இத்தகைய வேலைக்கு வசதிகள் இருக்கின்றன. ஒரு பெரிய அறை. சுவரெல்லாம் கரு நீல நிறத்தில் கூம்பு கூம்பாக நுரைப்பஞ்சு. அலை பட்டால் திரும்பி வராமல் விழுங்கிவிடும். வெளி உலகின் ஒரு அலையும் உள்ளே வராது. கைப்பேசிக்குச் சிக்னல் சுத்தமாகப் போய்விடும். கதவைச் சாத்தினால் காதுக்கும் ஒரு மாதிரி அடைப்பாக இருக்கும். ஆசிரமத்தில் பழைய ஹாலில் உட்கார்ந்தவர்களுக்கு மௌனம் தெரியும். இது இன்னொரு வகை மௌனம், பணம் கொடுத்துக் கட்டியது. அறையின் நடுவில் சுழல்மேடை. அதன்மேல் இத்தனூண்டு சாவி. 3 மீட்டர் தள்ளி ஆன்டெனா. பொத்தானை அமுக்கிய நிலையிலேயே வைத்து மேடையைச் சுற்றவிடுவோம். எந்தத் திசையில் அதிகம் கத்துகிறது என்று பார்ப்போம்.

பார்ப்பது நாலு விஷயம்தான். சொன்ன அதிர்வெண்ணில் நிற்கிறதா? சக்தி வரம்புக்குள் இருக்கிறதா? அகலம் எவ்வளவு? நாலாவது முக்கியம்: வேண்டாத இடத்தில் வழிகிறதா? வீணைத் தந்தியைத் தட்டினால் அந்த ஸ்வரத்தோடு மேல் ஸ்தாயியும் மெல்லக் கேட்கும் அல்லவா? சங்கீதத்தில் அதற்குப் பெயர் இனிமை. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் குற்றம். 433.92ல் பேசுகிற சாவி, அதன் இரட்டிப்பான 867.84லும், மும்மடங்கான 1301.76லும் முனகும். அங்கே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். முனகல் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி.

‘இந்தச் சுண்டைக்காய்க்கு இவ்வளவு அமர்க்களமா?’ என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணம் சொல்வேன். முதலாவது, 433க்குக் கீழே கொஞ்ச தூரத்தில் 406 மெகாஹெர்ட்ஸ். கப்பலும் விமானமும் ஆபத்தில் சிக்கினால் செயற்கைக்கோளுக்கு அபயக்குரல் போகிற அலை அது. உலகம் முழுவதற்கும் பொதுவானது. நம் மீனவர்கள் படகில் வைத்துக்கொள்ள இஸ்ரோ செய்த ஆபத்துச் சமிக்ஞைக் கருவியும் அதற்குச் சற்றுக் கீழே, 402 சொச்சத்தில்தான் பேசுகிறது. நடுக்கடலிலிருந்து வருகிற குரல் செயற்கைக்கோளைத் தொடும்போது மிகவும் மெலிந்திருக்கும். மெலிந்த குரலைக் கேட்கவேண்டுமானால் சுற்றுவட்டாரம் அடங்கியிருக்கவேண்டும். ஒரு சாவி தவறினால் ஒன்றும் ஆகாது. ஒரே மாடல் சாவி லட்சக்கணக்கில் தயாராகிறது, அது மொத்தமும் வழிந்தால் என்ன என்பதுதான் கேள்வி.

இரண்டாவது காரணம் அமெரிக்காவில் நடந்தது. 2019 வசந்தகாலம், ஒஹாயோ மாகாணத்தில் நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊர். சில தெருக்களில் திடீரென்று கார் சாவியும் கேரேஜ் கதவு ரிமோட்டும் வேலை செய்யாமல் போயின. வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அருகில் நாசா ஆய்வு மையம், விமான நிலையம் எல்லாம் இருப்பதால் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மின்சார நிறுவனம், தொலைபேசி நிறுவனம் எல்லாம் ஆள் அனுப்பித் தேடின. கடைசியில் அலை தேடும் கருவியோடு வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்தார்கள். மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவர், தன் வீட்டு மாடியில் யாராவது இருந்தால் தனக்குத் தெரியவேண்டும் என்று பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார். அங்கே கார் சாவிகள் பேசுகிற 315 மெகாஹெர்ட்ஸில் அது நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பேட்டரியைக் கழற்றியதும் தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன.

அங்கே எஃப்.சி.சி. விதியில் ஒரு அழகான பிரிவு இருக்கிறது: இந்த வகை ரிமோட்டுகள் பொத்தானை விட்ட 5 விநாடிக்குள் வாயை மூடியாகவேண்டும். கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கும் இதை நீட்டித்தால் நன்றாயிருக்கும். டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் தொடர்கிறேன்.

இப்போது தாழம்பூவுக்கு வருவோம். ‘அப்ரூவல் உள்ள ரிமோட் சார், திருட முடியாது’ என்று விற்பவர் சொல்லுவார். நாலு விஷயம் பார்ப்போம் என்றேனே, அதில் திருட்டு எங்கேயாவது வந்ததா? சாவி என்ன எண்ணை அனுப்புகிறது, அந்த எண்ணை இன்னொருவன் பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. எங்கள் கருவிக்கு அது வெறும் துடிப்பு. நிரந்தரமாக ஒரே எண்ணை அனுப்பும் மட்டமான ரிமோட்டும், நல்ல பூட்டுள்ள ரிமோட்டும் எங்கள் திரையில் ஒரே மாதிரி கூம்பாகத்தான் தெரியும். இரண்டும் தேர்ச்சி பெறும்.

பூட்டின் கதை தனி. ரிமோட்டால் திறக்கும் காரை 1980களின் தொடக்கத்தில் ரெனோ நிறுவனம் ஃபுவேகோ என்ற மாடலில் கொண்டுவந்தது. காலப்போக்கில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறுகிற முறை வந்தது. சாவியும் வண்டியும் மனதுக்குள் ஒரே கணக்கை எண்ணிக்கொண்டே போகும். குழந்தை கையில் சாவியைக் கொடுத்து அது வீட்டில் உட்கார்ந்து விளையாடினால் கணக்கு கொஞ்சம் முன்னே ஓடிவிடும். கொஞ்சம் என்றால் வண்டி பொறுத்துக்கொள்ளும், ரொம்பப் போனால் மறுபடி அறிமுகப்படுத்த வேண்டும். இதில் பரவலாக இருந்தது தென்னாப்பிரிக்காவில் பிறந்த கீலோக் என்ற முறை. அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கி உலகம் பூராவும் விற்றது. 2008ல் ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை அளந்தே அதன் ரகசியத்தைக் கறந்துகாட்டினார்கள். 2015ல் சாமி காம்கார் என்பவர் சுமார் 30 டாலர் செலவில் ஒரு பெட்டி செய்தார். நீங்கள் அமுக்கும் முதல் எண்ணை வண்டிக்குக் கேட்காமல் மறித்துத் தான் வைத்துக்கொள்ளும். ‘ஏதோ பிடிக்கலை’ என்று நீங்கள் இரண்டாம் முறை அமுக்குவீர்கள். அதையும் பிடித்துக்கொண்டு முதல் எண்ணை வண்டிக்கு அனுப்பும். கார் பூட்டிக்கொள்ளும், நீங்கள் போய்விடுவீர்கள். பயன்படுத்தாத இரண்டாவது எண் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

பொத்தானே அமுக்காமல், சாவி பையில் இருந்தாலே திறக்கிற வண்டிகள் இன்னும் பாவம். 2011லேயே சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் வெளியே நிற்கும் வண்டிக்கும் நடுவே அலையை அஞ்சல் செய்தே திறந்து காட்டினார்கள். அதில் உடைக்கவேண்டிய பூட்டே இல்லை. சாவி பக்கத்தில் இருக்கிறது என்று வண்டியை நம்பவைத்தால் போதும். அந்தச் சாவிகளும் மந்தைவெளி விரதத்தை ஒழுங்காகக் காத்தவைதான்.

பூட்டு நல்லதா என்று கேட்கும் விதிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. வாகனங்களின் இணையப் பாதுகாப்புக்கு ஐ.நா. விதி 155 இருக்கிறது. நம் நாட்டிலும் அதையொட்டி ஏ.ஐ.எஸ். 189 என்ற தரம் எழுதியிருக்கிறார்கள். அதை வேறொரு நாள் பேசலாம்.

சாவிக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டூப்ளிகேட் ரிமோட் போட்டுக்கொடுப்பது குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரிஜினல் விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது, எனக்கும் தெரியும். நானே வெளியூரில் ஒரு கடையில் ஒன்று வாங்கி ஏமாந்தவன். பின்பக்கம் ஐரோப்பிய முத்திரை அழகாக அச்சாகியிருந்தது. ஐரோப்பிய முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்ளும் உறுதிமொழி. நம் ஊர் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. பரிசோதித்தால் அது 433.92ல் நிற்கவே இல்லை, வெயில் ஏற ஏற நழுவிக்கொண்டே போனது. மத்தியானம் கார் திறக்காது, ராத்திரி திறக்கும். வாங்கும்போது மொத்த வியாபாரியிடம் இ.டி.ஏ. எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் அதில் இருக்கிற மாடல் பெயரும் பெட்டியில் இருக்கிற மாடல் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நிறைய இடத்தில் எண் நிஜமாக இருக்கும். ஆனால் வேறு ஏதோ ஒரு பொருளுக்கு வாங்கியதாக இருக்கும்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒப்புதலும் அதிர்வெண் விவரமும் இல்லாமல் வாக்கிடாக்கி விற்ற இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, இவ்வகைக் கருவிகளை இணையத்தில் விற்பதற்கே தனி வழிகாட்டு விதிகளைப் போட்டது. அலையை மறிக்கிற ஜாமரைத் தனியார் வைத்திருப்பதே சட்டவிரோதம். ‘விளையாட்டுக்கு வாங்கினேன்’ என்று காலேஜ் தம்பிகள் யாரும் என்னிடம் வந்து நிற்கவேண்டாம்.

சரி, இதுவரை வாயால் சொன்னதைக் கண்ணால் பார்ப்போம். எனக்கு அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது. அதன் கீழே வைத்திருக்கிற ரிசீவரைக் கொண்டுவந்திருக்கிறேன். மடிக்கணினித் திரையில் நடுவில் தெரிகிற கோடு 433.92. இப்போது தட்டையாகக் கிடக்கிறது, இந்த அறையில் யாரும் பேசவில்லை என்று அர்த்தம். ஒவ்வொருவராக வந்து ஒருமுறை மட்டும் அமுக்குங்கள். எல்லாரும் சேர்ந்து அமுக்கினால் மறுபடியும் பௌர்ணமித் திடல் ஆகிவிடும். அந்தக் கடைசி வரிசை அண்ணன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். டூப்ளிகேட்டா? பரவாயில்லை, வாங்க, முதலில் உங்களுடையது.